சம்ப்பை ரெண்டு தடவை கழுவியாச்சு, சாக்கடை வாடை மட்டும் போகமாட்டேங்குது

மூன்றாம்மாடி:

12 வீடு உள்ள கட்டடம், சுமார் 48 பேர். தரைக்கடியில் 20,000 லிட்டர் சம்ப், மொட்டைமாடியில் 10,000 லிட்டர் கான்கிரீட் தொட்டி. பைப்லைன் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள் ரெண்டு மணி நேரம் வரும். அதுவும் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில்தான் விழுகிறது.

மூணு வாரமா காலையில் குழாயைத் திறந்தால் சாக்கடை மாதிரி வாடை. தண்ணீர் பார்க்கத் தெளிவாத்தான் இருக்கு. டிடிஎஸ் 640. சம்ப்பையும் தொட்டியையும் ரெண்டு தடவை கழுவியாச்சு. நாலு நாள் நல்லா இருக்கு, அப்புறம் பழைய கதைதான். பெரிய ஃபில்டர் வைக்கலாம் என்கிறார்கள் சிலர். ரெண்டு கிலோ பிளீச்சிங் பவுடரைக் கொட்டுங்க, சரியாயிடும் என்கிறார்கள் வேறு சிலர். வர்ற ஞாயிறு ஆளை இறக்கி மூணாவது தடவை கழுவ ஏற்பாடு நடக்குது. வேற எதையாவது முதலில் பார்க்கணுமா?

குழாயடி:

கழுவுவதைத் தள்ளிப்போடுங்கள். நாலு நாளில் வாடை திரும்புகிறது என்றால் ஏதோ ஒன்று வெளியிலிருந்து உள்ளே வந்துகொண்டே இருக்கிறது. வழியை அடைக்காமல் எத்தனை தடவை கழுவினாலும் அந்த நாலு நாள்தான்.

முதலில் வாடை தண்ணீரில்தானா என்று உறுதி செய்யுங்கள். கண்ணாடி டம்ளரில் பாதி பிடித்து, பாத்ரூமை விட்டு வெளியே பால்கனிக்குக் கொண்டுபோய், ஒரு சுழற்றுச் சுழற்றி முகர்ந்து பாருங்கள். அங்கே வாடை இல்லையென்றால் தண்ணீர்மேல் குற்றமில்லை, தரை டிராப்தான் (பாத்ரூம் தரை வடிகாலுக்கு அடியில் தண்ணீர் தேங்கும் வளைவு) காரணம். டிராப்பில் 50 மி.மீ. அளவுக்குத் தண்ணீர் நின்றால்தான் சாக்கடைக் காற்று மேலே வராது. புழங்காத பாத்ரூமில் அது வற்றிப்போகும். ஒரு குவளை தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

அடுத்து, பச்சைத் தண்ணீரில் இல்லாமல் வெந்நீரில் மட்டும் அழுகிய முட்டை வாடை வந்தால் அது ஹீட்டர் பிரச்சினை. ஹீட்டருக்குள் இருக்கும் மெக்னீசியம் ஆனோடும் (துருவைத் தடுக்கும் கம்பி) சல்பேட்டைத் தின்னும் பாக்டீரியாவும் சேர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாக்கும். ஆனோடை அலுமினியம்-துத்தநாக வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் நின்றுவிடும்.

முதல் ஒரு நிமிடம் நாறிவிட்டு அப்புறம் சரியானால் உங்கள் வீட்டுக் குழாய். எல்லா வீட்டிலும் விடாமல் நாறினால் தொட்டி, சம்ப் அல்லது அதற்கு முன்னால். நாலு இடத்தில் தனித்தனிப் பாட்டிலில் பிடியுங்கள்: போர் வாயில், பைப்லைன் சம்ப்பில் விழும் இடத்தில், சம்ப்பில், மேல்தொட்டியில். பைப்லைனில் மட்டும் ரெண்டு பாட்டில், தண்ணீர் வரத் தொடங்கியதும் ஒன்று, 15 நிமிடம் கழித்து ஒன்று. விட்டுவிட்டு வரும் சப்ளையில், தண்ணீர் இல்லாத நேரத்தில் குழாய் காலியாகக் கிடக்கும். விரிசல் வழியாக வெளி நீர் உள்ளே கசியும். யாராவது லைனில் நேராக மோட்டார் மாட்டி உறிஞ்சினால் இன்னும் மோசம். அந்த அழுக்கெல்லாம் முதல் 10, 15 நிமிடத்தில்தான் வந்து சேரும்.

போர் தண்ணீரில் ஹைட்ரஜன் சல்பைடு இருந்தாலும் வாடை வரும். அது முட்டை வாடை, பாத்திரத்தில் திறந்துவைத்தால் கொஞ்ச நேரத்தில் போய்விடும். கழிவுநீர் வாடை அப்படி லேசில் போகாது.

ஆய்வுமேசை:

டிடிஎஸ் 640 என்பது இந்த விஷயத்தில் ஒன்றும் சொல்லாது. அந்த மீட்டர் அளப்பது மின்கடத்துதிறனை, அதாவது கரைந்த உப்பை. ஒரு குவளை கழிவுநீர் கலந்தாலும் எண் அசையாது. இந்த மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு "தண்ணீர் சுத்தம்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள்.

பார்க்க வேண்டியவை: ஈ.கோலை (மலக்கழிவு கலந்ததைக் காட்டும் பாக்டீரியா), அம்மோனியா, நைட்ரேட், குளோரைடு. ஈ.கோலை 100 மி.லி.க்கு ஒன்றுகூட இருக்கக்கூடாது. குளோரைடும் அம்மோனியாவும் போரிலும் பைப்லைனிலும் குறைவாக, சம்ப்பில் மட்டும் கூடுதலாக இருந்தால் அது சம்ப்பிலேயே கலக்கிறது. மாதிரிக்கு ஆய்வகம் தரும் கிருமிநீக்கிய பாட்டிலையே வாங்குங்கள். உள்ளே துளி சோடியம் தையோசல்பேட் இருக்கும், அதைக் கழுவிக் கொட்டிவிடக் கூடாது. குளோரினை முறிப்பதற்காகவே அது இருக்கிறது. பாட்டிலை ஐஸ் பெட்டியில் வைத்து 6 மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது, 24 மணி நேரத்தைத் தாண்டவே கூடாது.

வீட்டிலேயே செய்யும் கறுப்பாக மாறும் எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்பைடு) பாட்டில் சோதனை மலிவு, எளிது. ஆனால் போர் தண்ணீரில் ஏற்கெனவே சல்பைடு இருந்தால் ஊற்றிய கொஞ்ச நேரத்திலேயே கறுக்கும். அதைக் கிருமி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி என்றால் கறுக்க ஒன்றிரண்டு நாள் ஆகும்.

ரிசல்ட் வரும்வரை குடிக்க, பல் துலக்க எல்லாவற்றுக்கும் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த தண்ணீர்தான். கைக்குழந்தைக்குப் பால்பவுடர் கலக்க மட்டும் அதுவும் வேண்டாம், வேறு நல்ல தண்ணீர் எடுங்கள். நைட்ரேட் கொதிக்கவைத்தால் போகாது, நீர் வற்றும்போது செறிவு கூடத்தான் செய்யும்.

மூன்றாம்மாடி:

பார்த்தாச்சு. பால்கனியிலும் வாடை இருக்கு. பச்சைத் தண்ணீர், எல்லா வீட்டிலும். போர் பாட்டில்: வாடை இல்லை. பைப்லைன்: முதல் பாட்டில் லேசாக் கலங்கல், 15 நிமிடம் கழித்து எடுத்தது சுத்தம். டிபிடி கிட்டில் (குளோரின் இருந்தால் இளஞ்சிவப்பாகும் சோதனை) பைப்லைன் தண்ணீரில் குளோரின் லிட்டருக்கு 0.5 மி.கி., சம்ப்பில் பூஜ்யம். சம்ப் தண்ணீர்தான் நாறுது, அதிகாலையில் எடுத்தது மதியத்தைவிட மோசம். சம்ப் ஓவர்ஃப்ளோ பைப் 4 அங்குலம், நேரா பக்கத்து டிரெயினேஜ் சேம்பருக்குள் போகுது. அதனால் ஏதாவது?

குழாயடி:

அதனாலேயேதான் இருக்கும்.

சம்ப் மூடியைத் திறந்து, மேலே நின்றபடியே ஓவர்ஃப்ளோ வாய்க்கு டார்ச் அடியுங்கள். பைப்பின் அடிப்பாகத்தில் கருப்பாக வழுவழுவென்று ஒரு படலம், வாய்க்குக் கீழே சுவரில் நாக்கு தொங்குவது போல ஒரு கறை. இது இருந்தால் வேறு சாட்சி வேண்டாம். சம்ப்பிலிருந்து வெளியே போன நல்ல தண்ணீர் உள்சுவரில் கறை வைக்காது. சேம்பரிலிருந்து திரும்பி வந்ததுதான் வைக்கும்.

நடப்பது இப்படி. சேம்பருக்கு அப்பால் எங்கோ பாதி அடைப்பு. இரவிலும் அதிகாலையிலும் எல்லா வீட்டுக் கழிவும் ஒரே நேரத்தில் இறங்கும்போது சேம்பரில் மட்டம் ஏறுகிறது. ஓவர்ஃப்ளோ பைப் மட்டத்தைத் தாண்டியதும் கொஞ்சம் சம்ப்புக்குள் இறங்குகிறது. மதியம் மட்டம் வடிந்துவிடுவதால் திறந்து பார்க்கிறவருக்கு எதுவும் தெரியாது. உறுதி செய்ய, இரவு சேம்பரில் சமையல் நிறமி கொஞ்சம் கரைத்து ஊற்றி, காலையில் சம்ப் நீரை வெள்ளைப் பாத்திரத்தில் எடுத்துப் பாருங்கள். நிறம் வராவிட்டாலும் அந்தப் பைப் அப்படி இருக்கக் கூடாது. கழிவு ஏறாத நாளிலும் சேம்பர் காற்றும் கரப்பானும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

செய்ய வேண்டியது: ஓவர்ஃப்ளோவைச் சம்ப் பக்கம் என்ட் கேப் (முனை மூடி) போட்டு, சுவரோடு சேர்த்து அடையுங்கள். சும்மா ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு (ஒரு பக்கம் மட்டும் திறப்பது) மாட்டினால் போதாதா என்று பிளம்பர் கேட்பார். போதாது. ஒரு துணிநார் மாட்டினால் அது பாதி திறந்தே நிற்கும். மேல்தொட்டி ஓவர்ஃப்ளோவைக் காற்றிடைவெளி விட்டு, அதாவது பைப் முனை வடிகாலைத் தொடாமல், வெளியே விடலாம், பைப் விட்டத்தைப்போல ரெண்டு மடங்கு இடைவெளி போதும். தரைக்கடிச் சம்ப்பில் அதற்கு மட்டம் கிடைக்காது, ஆகவே அடைப்பதுதான் வழி. பதிலுக்குப் பைப்லைன் வாயில் நல்ல மிதவை வால்வு, போர் மோட்டாருக்கு மட்டம் பார்த்து நிறுத்தும் சுவிட்ச், கூடவே ஒரு அலாரம். என்றாவது மிதவை பழுதானால் மூடி வழியாகத் தண்ணீர் வழியும், அவ்வளவுதான். மூடியின் விளிம்பைத் தரையைவிட 15 செ.மீ. உயர்த்திக் கட்டுங்கள், மழைநீர் இறங்காது.

சேம்பருக்கு அப்பால் உள்ள அடைப்பையும் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதே நீர் சுவர் விரிசலைத் தேடும். காலி செய்து துடைத்த சம்ப்பை 12 மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு, மேலிருந்தே டார்ச்சில் பாருங்கள். தரையும் சுவரும் சேரும் மூலையில், பைப் நுழையும் இடங்களில் ஈரம் பூத்திருந்தால் அங்கே கசிவு.

பைப்லைனில் சம்ப்புக்கு முன்னால் ஒரு டீ (மூன்று வழி இணைப்பு), ரெண்டு வால்வு. முதல் 15 நிமிடத் தண்ணீரைத் தோட்டத்துக்குத் திருப்புங்கள்.

ஆய்வுமேசை:

பிளீச்சிங் பவுடர் கணக்கு. புதுப் பவுடரில் 30 முதல் 35 சதவீதம் குளோரின், திறந்த பையில் மாதக்கணக்கில் இருந்தால் இறங்கிக்கொண்டே போகும். 25 என்று வைத்துக்கொள்வோம். ரெண்டு கிலோவை 20,000 லிட்டரில் போட்டால் லிட்டருக்கு 25 மி.கி. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு மதிப்பு 5. ஆகவே அந்த யோசனை வேண்டாம். வழக்கமாக லிட்டருக்கு 2 மி.கி. போதும், அதாவது முழுச் சம்ப்புக்கு 160 கிராம்.

நேராகக் கொட்டாதீர்கள். பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் கூழாகக் குழைத்து, பிறகு 10 லிட்டர் ஆக்கி, அரை மணி நேரம் தெளியவிடுங்கள். மேலே நிற்கும் தெளிநீரை மட்டும் சம்ப் நிரம்பும்போதே ஊற்றினால் தானாகக் கலக்கும். அடியில் தங்குவது சுண்ணாம்பு. அது சம்ப்புக்குள் போனால் ஃபுட் வால்வில் (மோட்டார் உறிஞ்சுகுழாயின் அடிமுனை வால்வு) போய் அப்பிக்கொள்ளும்.

30 நிமிடம் கழித்து டிபிடியில் 0.5, கடைசி வீட்டுக் குழாயில் 0.2 இருந்தால் சரி. ஓவர்ஃப்ளோவை அடைத்த பிறகும் 2 மி.கி. போட்டு அரை மணியில் பூஜ்யமானால் இன்னொரு வழி திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு எச்சரிக்கை: குளோரின் மிக அதிகமானால் டிபிடி இளஞ்சிவப்பு வெளிறிப்போய்ப் பூஜ்யம் போலக் காட்டும். சந்தேகம் வந்தால் பத்துக்கு ஒன்று நீர்த்துச் சோதியுங்கள்.

இன்னொன்று. ஆளுக்கு 140 லிட்டர் என்றால் உங்கள் கட்டடத்துக்கு நாளுக்கு 6,700 லிட்டர் சொச்சம். சேமிப்பு 30,000. தண்ணீர் நாலரை நாள் கிடக்கிறது, அதற்குள் குளோரின் காலி. சப்ளை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வருகிறது, போரும் இருக்கிறது என்பதால் மேல்தொட்டியை முழுக்க நிரப்ப அவசியமில்லை. பாதியிலேயே மோட்டார் நிற்கும்படி மட்டம் வையுங்கள்.

ஃபில்டர் விஷயம்: கழிவு கலக்கும் வரை எந்த ஃபில்டரும் வாங்காதீர்கள்.

கயிறுபிடி:

எல்லாம் சரி, ஞாயிற்றுக்கிழமை ஆளை இறக்குவதாகச் சொன்னதில் உள்ள ஆபத்தை யாரும் தொடவில்லையே. கழிவு கலந்த சம்ப்பில் ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவை எட்டினால் மூக்கு மரத்து, வாடையே தெரியாமல் போகும். "இப்ப வாடை இல்லை, இறங்கலாம்" என்பதுதான் ஆளைக் கொல்லும் வாக்கியம். மெழுகுவர்த்தி இறக்கிப் பார்ப்பதும் உதவாது. சல்பைடைப் பற்றி அது எதுவும் சொல்லாது, மீத்தேன் இருந்தால் வெடிக்கும்.

கூடுமானவரை இறங்காமலே முடியுங்கள். சேற்றை உறிஞ்சும் பம்ப், நீண்ட குழல் உள்ள பிரஷர் வாஷர் போதும். இறங்கியே ஆக வேண்டுமென்றால்: சம்ப் மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை மெயினில் துண்டிக்கவும். இருக்கிற மூடிகள் எல்லாவற்றையும் திறந்து, பிளோயர் குழாயை அடிவரை விட்டுக் காற்றடிக்கவும், வேலை முடியும்வரை நிறுத்தக் கூடாது. கேஸ் மீட்டரில் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் குறையாமல், சல்பைடு 10 பிபிஎம்முக்குள் இருக்க வேண்டும். உடம்பில் ஹார்னெஸ், கயிறு மேலே முக்காலியில், மேலே ரெண்டு பேர். உள்ளே ஆள் சாய்ந்தால் கயிற்றால் இழுக்கணும், யாரும் குதிக்கக் கூடாது. பெட்ரோலில் ஓடும் பம்பை உள்ளே இறக்கவே கூடாது, வாசலை ஒட்டியும் வைக்கக் கூடாது. அதன் புகை உள்ளே இறங்கும்.

கிருமிநீக்கம் கடைசியில். 10 லிட்டருக்கு 8 கிராம் பவுடர் என்ற கணக்கில் தெளிநீர் தயாரித்து, மேலிருந்தே ஸ்பிரேயரால் சுவர் முழுக்க நனைத்து 30 நிமிடம் விட்டுக் கழுவி வெளியேற்றுங்கள். டாய்லெட் கழுவும் ஆசிட் அதே நாளில் சம்ப் பக்கமே வரக் கூடாது. பிளீச்சிங்கோடு சேர்ந்தால் குளோரின் வாயு.

மூன்றாம்மாடி:

ஞாயிறு வேலையை நிறுத்தியாச்சு. டார்ச் அடிச்சுப் பார்த்தோம், அந்தக் கருப்பு நாக்கு அப்படியே இருக்கு. முதலில் அடைப்பும் என்ட் கேப்பும். பைப்புகளுக்குள்ளேயும் போயிருக்குமே, அதை எப்படி?

குழாயடி:

மேல்தொட்டியைக் கழுவிவிட்டு 2,000 லிட்டர் மட்டும் ஏற்றி, 400 கிராம் பவுடரின் தெளிநீர் கலக்குங்கள். லிட்டருக்கு 50 மி.கி. ஆகும். ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழாயையும், ஷவர், ஃப்ளஷ் டேங்க், வாஷிங் மெஷின் குழாய் உட்பட, குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடச் சொல்லுங்கள். ராத்திரி முழுக்க நிற்கட்டும். அதற்கு முன் ஆர்.ஓ. மெஷின்களின் இன்லெட் வால்வை மூடியே ஆக வேண்டும், குளோரின் மெம்பிரேனை அரித்துவிடும். அன்றிரவு புழங்குவதற்கு வாளியில் பிடித்துவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். காலையில் திறந்துவிட்டு, வாடை லேசாகும்வரை ஓடவிடுங்கள். குழாய் முனையில் இருக்கும் சல்லடை மூடிகளைக் கழற்றித் தேய்த்துவிட்டு மாட்டுங்கள், வழுவழுப்பு அதில்தான் ஒட்டியிருக்கும். ஒரு வாரம் கழித்து ஈ.கோலை சோதனை, சம்ப்பில் ஒன்று, கடைசி வீட்டுக் குழாயில் ஒன்று. ரெண்டும் சுத்தமாக வரும்வரை கொதிக்கவைப்பதை விடாதீர்கள்.