நிலக்கேசில் வாதி, பிரதிவாதி என்று ஒரு தரப்பாக இடையில் சேர்ந்தவர்கள், நடந்ததைச் சொல்லுங்கள்

திங்கள்சந்தை அக்கா:

எங்கள் விளையின்மேல் (தோட்டத்தின்மேல்) ஒரு கேஸ் நடக்கிறது என்பதே, கோர்ட் அனுப்பிய கமிஷனர் வக்கீலும் சர்வேயரும் வேலி தாண்டி வந்து டேப் பிடித்தபோதுதான் எனக்குத் தெரியும். அயனி மரத்து மூட்டிலிருந்து கிணறு வரை அளந்தார்கள். "நீங்க யாரும்மா, வாதியா பிரதிவாதியா?" என்று வக்கீல் கேட்டார். "வஸ்துவுக்குச் சொந்தக்காரி" என்றேன். கையிலிருந்த பேப்பரைப் புரட்டினார். என் பேர் எங்கேயும் இல்லை.

கணவருடைய பெரியப்பா மகன்கள் இரண்டு பேருக்குள் தகராறு. மூத்தவர், 42 செண்டும் தனக்கே உரிமை என்று விளம்புகை (கோர்ட் அறிவிப்பு) கேட்டுத் தம்பிமேல் வழக்குப் போட்டிருக்கிறார். அதில் வடக்கே உள்ள 12 செண்ட் என் மாமனார் பிரமாணம் (பத்திரம்) எழுதி வாங்கி, பிறகு எனக்கு இஷ்டதானமாகக் கொடுத்தது. பட்டா என் பேரில். கணவர் மஸ்கட்டில் இருக்கிறார், இவள் ஒருத்தி என்ன செய்துவிடுவாள் என்ற நினைப்பு.

எங்கள் வக்கீல் உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 1 விதி 10(2)-ன் கீழ் மனுப் போட்டார். வழக்கு எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சேர்க்கலாமாம், யாரும் மனுப் போடாவிட்டாலும் கோர்ட்டே சேர்க்கலாமாம். மூத்தவர் தரப்பில், "வழக்கு என்னுடையது, யார்மேல் போடுவது என்பது என் இஷ்டம்" என்று ஆட்சேபணை. நீதிபதி கேட்டது ஒன்றுதான்: இந்த அம்மா இல்லாமல் இந்தத் தகராறு முழுதாகத் தீருமா? கமிஷனரின் பிளானில் எங்கள் கிணறே வழக்குச் சொத்துக்குள் கிடந்தது. மனு அனுமதி ஆனது. பிராதை (வாதியின் வழக்கு மனுவை)த் திருத்தி என்னை 2-ம் பிரதிவாதியாக எழுதினார்கள். அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்காத குறைதான். பிரதிவாதி ஆனதற்குச் சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்!

தக்கலை தம்பி:

அக்காவுக்குக் கதவு திறந்தது. எங்கள் குடும்பத்தில் திறந்து கிடந்த கதவைப் பெரியப்பாவே சாத்தினார். அவர் போட்டது பாகப்பிரிவினைக் கேஸ். பாறசாலையில் கட்டிக்கொடுத்த அத்தையை அதில் சேர்க்கவில்லை. "அவளுக்குத்தான் அப்பவே உருப்படி (நகை) போட்டு அனுப்பியாச்சே" என்பார். அத்தையை விட்டுவிட்டார்கள் என்று எதிர்த்தரப்பு எதிருரையிலேயே (பதில் மனுவிலேயே) எழுதியிருந்தது. வக்கீலும் படித்துப் படித்துச் சொன்னார். சேர்த்தால் பங்கு கேட்பாள் என்று பெரியப்பா மசியவே இல்லை.

சாட்சி விசாரணையெல்லாம் முடிந்து வழக்குத் தள்ளுபடி. தேவையில்லாத ஆளைச் சேர்த்தாலோ ஒரு ஆளை விட்டுவிட்டாலோ மட்டும் வழக்குத் தோற்காது என்று அதே கட்டளை 1-ன் விதி 9 சொல்கிறது. ஆனால் அவசியமான தரப்பினரை விட்டால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. பாகக் கேஸில் பங்காளிகள் எல்லாருமே அவசியமானவர்கள், பெண்மக்கள் உட்பட. திரும்பப் புதுக் கேஸ் போட்டோம். முதல் கேஸில் சாட்சி சொன்ன ஆதாரம் எழுத்துக்காரர் (பத்திரம் எழுதுபவர்) அதற்குள் இறந்துபோனார்.

குலசேகரம் ரப்பர்:

கேஸ் நடக்கும்போதே ஒருவர் எனக்குத் தோட்டத்தை விற்றார், கேஸ் விஷயத்தை மூச்சுவிடவில்லை. வில்லங்கச் சான்றிலும் அது வரவில்லை. சொத்து மாற்றச் சட்டம் பிரிவு 52-ன்படி தீர்ப்பு என்னையும் கட்டும். விற்றவரோ பணம் கைக்கு வந்தபிறகு கோர்ட் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 22 விதி 10-ல் மனுப் போட்டு நானே உள்ளே போனேன்.

கோட்டாறு:

எல்லாருக்கும் இப்படி அனுமதி கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். எங்கள் நிலத்தை வேறொருவர் தனதென்று சொல்லி விற்க ஒப்பந்தம் போட்டார். வாங்க வந்தவர் கிரயம் எழுதித் தரச் சொல்லி அவர்மேல் வழக்கு. நான் சேரப் போனேன், மனு தள்ளுபடி. கஸ்தூரி எதிர் அய்யம்பெருமாள் வழக்கில் 2005-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதைக் காட்டினார்கள்: ஒப்பந்தத்துக்கு வெளியே தனி உரிமை கொண்டாடுகிறவர் அந்த மாதிரி வழக்கில் அவசியமான தரப்பு இல்லை. உரிமைக்குத் தனியாகக் கேஸ் போட்டிருக்கிறேன்.

வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா:

இரண்டு விஷயம் சொல்லிவிடுகிறேன். புதிதாகச் சேர்த்தவர் மட்டில், அவரைச் சேர்த்த நாளில்தான் வழக்குத் தொடங்கியதாகக் கணக்கு, காலவரையறைச் சட்டம் பிரிவு 21. நல்லெண்ணத்தில் விட்டுப்போயிருந்தால் முன்தேதி கொடுக்கக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. ஆனால் அதை நம்பி ஆறப்போடாதீர்கள். அப்புறம், வழக்கில் இருக்கிற ஒருவர் இறந்தால் வாரிசுகளைச் சேர்க்க வழி வேறு, கட்டளை 22. அதற்கு 90 நாள். அது தாண்டினால் அவர் மட்டில் வழக்கு அற்றுப்போகும்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர் பக்கம். பழைய பிரமாணங்களில் மலையாள எழுத்தும் கொல்லம் ஆண்டும் இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவரிடம் காட்டி, யார் யாருக்குப் பங்கு என்று பார்த்தபிறகு பிராது எழுதுங்கள். விட்டுப்போன அத்தைகள் பாதிப்பேர் அங்கேதான் இருக்கிறார்கள்.

திங்கள்சந்தை அக்கா:

தம்பி, அந்த அத்தை புதுக் கேஸில் சேர்ந்தாங்களா?

தக்கலை தம்பி:

சேர்ந்தாங்க அக்கா, 4-ம் பிரதிவாதி. எதிருரையில் தன் பங்கையும் கேட்டிருக்காங்க. பெரியப்பா வாய்தாவுக்கு வந்தால் அத்தை உட்காரும் பெஞ்சில் மட்டும் உட்கார மாட்டார்.