வயற்றாட்டிப் பாட்டியும் பேறுகாலக் கல்வியும்

தக்கலை வாசகர்: என் பாட்டியின் மரப்பெட்டியில், திருவிதாங்கூர் அரசு முத்திரையுடன், மடிப்புகளில் கிழிந்துபோன பேறுகாலப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. பாட்டி வயற்றாட்டியாக, அதாவது ஊரில் பேறுகாலம் பார்க்கும் மருத்துவச்சியாக, இருந்தார் என்பது தெரியும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு அவர் என்ன சொல்லிக்கொடுத்தார் என்பதைக் கேட்காமலே விட்டுவிட்டோம். குமரி தமிழ்நாட்டோடு இணைந்த 1956க்கு முன்பே, திருவிதாங்கூர் ஆட்சியில், இத்தகைய கல்விக்கு அரசின் ஏற்பாடு இருந்ததா?

நாகர்கோவில் வரலாற்று ஆசிரியை: இருந்தது. நெய்யூரில் லண்டன் மிஷன் என்ற கிறித்தவ அமைப்பின் மருத்துவப் பணி 1838இலேயே தொடங்கிவிட்டது. ஆனால் மருத்துவமனை வாசலை மிதித்தவர்களுக்குத்தான் அதன் அறிவுரை எட்டியது. திருவனந்தபுரம் தைக்காடு மகளிர் மருத்துவமனையை நடத்திய மேரி புன்னன் லூக்கோஸ், வயற்றாட்டிகளை விலக்கிவைக்காமல், அவர்களுடைய பிள்ளைகளுக்கே பேறுகாலப் பயிற்சி அளித்தார். பிற்பாடு 1938இல் திருவிதாங்கூரின் சர்ஜன் ஜெனரலாக, அதாவது மருத்துவத் துறைத் தலைவராக, உயர்ந்தவர் அவர். ஊர் ஏற்கெனவே நம்பிய குடும்பத்தின் வழியாகவே புதிய அறிவை வீட்டுக்குள் அனுப்பியதை அவருடைய ஆகச்சிறந்த முடிவாக நான் கருதுகிறேன். தங்கள் பாட்டியின் தாயாரும் வயற்றாட்டியா? சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள்; மடிப்பை நீக்கிப் பருத்தித் துணியில் வையுங்கள்.

தக்கலை வாசகர்: ஆம் அம்மா, பூட்டியும் வயற்றாட்டிதான். தண்ணீர் கொதிக்கும்வரை பாட்டி பேற்றறைக்குள் நுழையவே மாட்டார் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர், திருவட்டாறு: தொப்புள்கொடியை அறுக்கும் கத்தியும் நூலும் அந்தத் தண்ணீரில்தான் கொதித்திருக்கும், பச்சிளம் குழந்தைகளை இரணஜன்னி (டெட்டனஸ்) கொண்டுபோன காலத்தில் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. 1980களில் நான் பணியில் சேர்ந்தபோது எங்களுக்குத் தலையாய சிக்கல் இரத்தசோகை. ரப்பர் தோட்டத்தை ஒட்டிய ஒரு வீட்டில், நான் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரைகள் அனைத்தும் அரிசிப்பானையின் அடியில் கிடந்தன. மாத்திரை தின்றால் பிள்ளை கறுத்துப் பிறக்கும் என்று மாமியார் அஞ்சியிருந்தார். மருமகளிடம் பேசிப் பயனில்லை என்று உணர்ந்து, மாமியாரின் அருகில் அமர்ந்து, கறுப்பது மலம்தானே தவிரக் குழந்தை அல்ல என்பதையும், மாத்திரையைத் தேயிலைத் தண்ணீரோடு கொடுக்காமல் சோற்றுக்குப் பின் நெல்லிக்காயோடு கொடுக்க வேண்டும் என்பதையும் பொறுமையாக விளக்கினேன். பெண்ணின் கீழிமையை இழுத்து அதன் வெளுப்பைக் காட்டியபோதுதான் அவர் முகம் மாறியது. 1987இல் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான மகப்பேறு உதவித்திட்டம் 300 ரூபாயுடன் வந்தபின் கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது எளிதாயிற்று. ஆயினும் ஒவ்வொரு வீட்டிலும் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்பதை அந்தந்த ஊர் வயற்றாட்டிகளே எனக்குச் சொல்லித்தந்தார்கள்.