நீளுமை, நீளுமையூட்டல்: ஒரு பரிந்துரை

வணக்கம் நண்பர்களே,

‘டக்டிலிட்டி’க்குப் பாடநூலில் உள்ள ‘கம்பியாக நீளும் பண்பு’ இருக்கும்போது புதுச் சொல் எதற்கு என்று போன மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தங்கத்துக்கும் செம்புக்கும் அது போதும்தான். பொற்கொல்லர் கம்பி இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். நான் தடுமாறியது நிக்கல் அலுமினைடு பற்றி எழுத உட்கார்ந்தபோது.

மூன்று நிக்கல் அணுவுக்கு ஓர் அலுமினிய அணு என்று சேர்ந்த பொருள் அது. சூடேற ஏற, சுமார் 700 டிகிரி செல்சியஸ் வரை அதன் வலிமை கூடிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட உலோகத்தை எஞ்சின் செய்கிறவர்கள் விடுவார்களா? ஆனால் அறை வெப்பநிலையில் இழுத்தால் நீளாமலே உடைந்துவிடும். ஒற்றைப் படிகமாக வளர்த்தால் நன்றாக நீள்கிறது. பல படிக மணிகள், அதாவது நுண்ணிய படிகத் துண்டுகள், சேர்ந்த வார்ப்பு மட்டும் மணிகளின் எல்லையில் பிளக்கிறது. 1979இல் ஜப்பானில் ஆவோகியும் இசுமியும் அதில் துளி போரான் சேர்த்தார்கள். எடையில் 0.1 சதவீதம்கூடத் தேவைப்படவில்லை. போரான் மணி எல்லைகளில் போய்த் தங்கியது, உலோகம் நீளத் தொடங்கியது. அப்புறம் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அலுமினியத்தை 25 அணு சதவீதத்துக்கு (நூறு அணுவில் 25) சற்றுக் கீழே வைத்து, சுமார் 50 சதவீதம் நீள வைத்தார்கள்.

இதில் எங்கும் கம்பி இல்லை. ‘கம்பியாக நீளும் பண்பை மேம்படுத்தல்’ என்று எழுதினால் வாசகர் மனம் கம்பிக்குத்தான் போகும். அதனால் ‘நீளுமை’ என்கிறேன்.

ரப்பரும் நீளுமே என்ற ஆட்சேபம் நியாயமானது. ஆனால் ரப்பர் விட்டதும் பழைய அளவுக்குத் திரும்பிவிடுகிறது. அதை ‘மீளுமை’ என்போம். உலோகம் நீண்டது நீண்டபடி நிற்கும். இரண்டு சொல்லும் ஓரெழுத்தில் வேறுபடுவது எனக்குக் குறையாகப் படவில்லை, நினைவில் நிறுத்த அதுவே உதவுகிறது. ‘நெகிழ்மை’ வேண்டாம், அதன் மேல் ஏற்கெனவே நாலைந்து பொருள் ஏறியிருக்கிறது.

நீளுமையைக் கூட்டுவது, வலுவூட்டல் போல, நீளுமையூட்டல். நீளுமைக்கு எதிர்ச்சொல் நொறுங்குமை. ‘போரானால் நீளுமையூட்டிய நிக்கல் அலுமினைடு’: ஒரே மூச்சில் வாசிக்க வருகிறது, பாருங்கள்.

ஒன்று மட்டும் பாக்கி. போரான் சேர்க்காத வார்ப்பு உடைவதில் காற்றின் ஈரத்துக்கும் பெரிய பங்கு உண்டு என்று பிற்பாடு தெரிந்தது. நீராவி அலுமினியத்தோடு வினைபுரிந்து ஹைட்ரஜனை விடுகிறது, அது மணி எல்லையைப் பலவீனமாக்குகிறது. இதற்கு ‘ஈர நொறுங்குமை’ என்று எழுதி வைத்தேன். நிறைவில்லை, பொருளே ஈரமாக இருப்பது போல ஒலிக்கிறது. வேறு தோன்றினால் எழுதுங்கள்.