சேலம் கடைவீதிக்கு எந்த ஃபிலிம் பாடி? அனுபவப் பகிர்வு

அம்மாப்பேட்டை உறுப்பினர்:

எல்லோருக்கும் வணக்கம். செவ்வாய்பேட்டை, சின்னக் கடைவீதி, முதல் அக்ரஹாரம் பக்கம் தெருப் படம் எடுக்க 35 மி.மீ. ஃபிலிம் கேமரா வாங்கணும். ஒரு பாடி (லென்ஸ் இல்லாத கேமரா உடல்), ஒரே ஒரு லென்ஸ், அவ்வளவுதான். செகண்ட் ஹேண்டில் அடிக்கடி கண்ணில் படுவது கேனான் ஏஇ-1, பென்டாக்ஸ் கே1000, நிகான் எஃப்எம்2. இதில் எது, இல்லை வேறு ஏதாவதா? ஆடித் திருவிழாவில் குகைப் பகுதி வண்டி வேடிக்கையும் (வேடம் கட்டி வண்டியில் வரும் ஊர்வலம்), அவ்வப்போது ஏற்காடும் எடுக்கணும். கையாண்டு தெரிந்துகொண்டதைச் சொல்லுங்க.

அஸ்தம்பட்டி உறுப்பினர்:

தம்பி, பெயரை அப்புறம் பார்க்கலாம். பேட்டரி செத்தால் ஷட்டர் (ஃபிலிமுக்கு வெளிச்சத்தைத் திறந்து மூடும் திரை) ஓடுமா ஓடாதா, அதைத்தான் முதலில் கேட்கணும்.

கே1000 (1976 முதல் 1997 வரை வந்தது), எஃப்எம்2 (1982) இரண்டும் முழு மெக்கானிக்கல். பேட்டரி, வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான். முன்னதுக்கு ஒரு எல்ஆர்44, பின்னதுக்கு இரண்டு. வாட்ச் கடையில் கிடைக்கும். எஸ்ஆர்44 சில்வர் ஆக்சைடு கிடைத்தால் அதையே போடுங்க. தீரும் வரை வோல்டேஜ் சீராக நிற்கும், மீட்டர் தடுமாறாது. கே1000இல் மீட்டருக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்ஸில் வெளிச்சம் பட்டாலே மீட்டர் வேலை செய்துகொண்டிருக்கும். மூடி போடாமல் அலமாரியில் வைத்தால் பேட்டரி சீக்கிரமே காலி.

ஏஇ-1 (1976) கதை வேறு. ஷட்டரே எலக்ட்ரானிக். 6 வோல்ட் பேட்டரி இறங்கிவிட்டால் ஒரு படம்கூட எடுக்க முடியாது. அந்த 4எல்ஆர்44 எல்லாக் கடையிலும் இருக்காது. அவசரத்துக்கு நான்கு எல்ஆர்44ஐ ஒரே திசையில் அடுக்கி, காகிதம் சுற்றிப் போட்டால் அதே 6 வோல்ட்தான். கிளிக் பண்ணும்போது கீச்சென்று இருமுகிற ஏஇ-1 கையில் வந்தால், மிரரின் (லென்ஸுக்குப் பின்னால் மேலே எழும் கண்ணாடி) வேகத்தைக் கட்டுப்படுத்தும் பல்சக்கரத்தில் எண்ணெய் காய்ந்திருக்கிறது என்று அர்த்தம். சரியான இடத்தில் ஒரு சொட்டு போதும். குத்துமதிப்பாக எண்ணெய் விட்டால் அது ஷட்டர் வரை பரவி, இருந்ததையும் கெடுத்துவிடும். தெரிந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்கணும்.

அடுத்தது வேகம், அதாவது ஷட்டர் திறந்திருக்கும் விநாடிக் கணக்கு. எஃப்எம்2இன் 1/4000க்காகக் கூடுதல் காசு கொடுக்கிறவர்கள் நிறைய பேர். நம்ம ஊர் வெளிச்சத்தை எண்ணிப் பாருங்க. ஐஎஸ்ஓ என்பது ஃபிலிம் வெளிச்சத்தை வாங்கும் திறன்; எஃப் எண் லென்ஸ் துளையின் (அபர்ச்சர்) அளவு, எண் குறைந்தால் துளை பெரிது. சித்திரை மதியம் திறந்த ரோட்டில் ஐஎஸ்ஓ 400 ஃபிலிமுக்கு எஃப் 16இல் 1/500, எஃப் 11இல் 1/1000. அக்ரஹாரத்து நிழலில் எஃப் 8, 1/250. காய்கறிக் கடைத் தார்ப்பாய்க்கு அடியில் எஃப் 4, 1/60 வரை இறங்கும். நடக்கிற ஆளுக்கு 1/250, வண்டிக்கு 1/500. இதில் எங்கேயும் 1/1000ஐத் தாண்டும் வேலையே இல்லை. வெயிலில் எஃப் 5.6 வரை திறந்து பின்னணியை மங்கலாக்க நினைத்தால்தான் 1/4000 வேண்டும், தெருப் படத்துக்குப் பெரும்பாலும் அது தேவைப்படாது. அதனால் 1977இல் வந்த பழைய எஃப்எம் (உச்ச வேகம் 1/1000) நல்ல நிலையில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுங்க. மிச்சப்படும் காசு ஃபிலிமுக்கு.

லென்ஸ்: குறுகிய தெருவில் 35 மி.மீ. எஃப் 8 வைத்து 3 மீட்டரில் ஃபோகஸை நிறுத்தினால், ஏறக்குறைய 1.9 மீட்டரிலிருந்து 7 மீட்டர் வரை கூர்மை. அதே எஃப் 8, அதே 3 மீட்டரில் 50 மி.மீ. தருவது 2.3இலிருந்து 4.2 வரைதான். கண்ணில் வைக்காமலே எடுக்கிற பழக்கத்துக்கு இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிது. 1950 ஏப்ரலில் திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் படம் எடுத்த பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-பிரெசோன் வாழ்நாளில் பெரும்பாலும் 50 மி.மீ.யிலேயே எடுத்தவர் என்பது உண்மைதான். ஆனால் அவர் கை தூரத்தை அளந்து பழகிய கை. பழகும் வரைக்கும் 35 மன்னிக்கும், 50 மன்னிக்காது.

செவ்வாய்பேட்டை உறுப்பினர்:

அண்ணன் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஒரு திருத்தத்தோடு. நாற்பது வருஷப் பழைய சாமானில் மாடலைவிட அந்தக் குறிப்பிட்ட பாடி எப்படி இருக்கு என்பதுதான் முக்கியம். ஃபிலிம் போடுவதற்கு முன்னாடி கடையிலேயே பார்க்க வேண்டியவை:

பேட்டரி மூடியைத் திறங்க. வெள்ளைப் பொடி இருந்தால் கசிவு. காட்டன் பட்ஸில் வினிகர் தொட்டுத் துடைத்தால் போய்விடும். பச்சை பூத்திருந்தால் உள்ளே போகும் ஒயரும் அரித்திருக்கலாம், மீட்டர் ஒருநாள் ஓடும் ஒருநாள் ஓடாது.

பின்கதவைத் திறந்து 1 விநாடியில் ஷட்டரை விடுங்க. ஜ்ஜ்ஜ் என்று ஒரே சீராக ஓடி டக் என்று மூடணும். நடுவில் திணறினால் மெதுவேகப் பகுதியில் கிரீஸ் இறுகிவிட்டது. பிறகு போனில் விநாடிக்கு 240 ஃபிரேம் ஸ்லோமோஷன் போட்டு, வெள்ளைச் சுவருக்கு எதிரே ஷட்டரைப் பின்பக்கமிருந்து படம் பிடிங்க. திறந்திருந்த ஃபிரேம்களை எண்ணுங்க. 1 விநாடிக்கு 240, 1/2க்கு 120, 1/15க்கு 16, 1/30க்கு 8 வரணும். 1/15இல் 13 முதல் 20 வரை வந்தால் பரவாயில்லை, நெகட்டிவ் ஃபிலிம் தாங்கும். 1/125க்கு மேல் இந்த எண்ணிக்கையை நம்பாதீங்க.

மூன்றாவது ஃபோம். கதவின் ஓரப் பள்ளத்திலும் மிரர் மோதும் இடத்திலும் கறுப்பு ஃபோம் இருக்கும். விரல் வைத்தால் தார் மாதிரி ஒட்டினால் ஆயுள் முடிந்தது. இது பேரம் பேச நல்ல காரணம், ஆனால் வாங்காமல் இருக்கக் காரணம் இல்லை. பல் குத்தும் குச்சியால் சுரண்டி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 1.5 முதல் 2 மி.மீ. ஃபோம் ஒட்டலாம். குறுகிய பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூல் வைத்தாலே வெளிச்சம் அடைபடும். லென்ஸ் மாட்டும் வாய் கீழே பார்க்கும்படி கேமராவைப் பிடித்துச் சுரண்டுங்க. தூள் ஃபோகசிங் ஸ்கிரீனில் விழுந்தால் துடைக்கத் துடைக்கக் கோடுதான் விழும். அசிட்டோன் பக்கமே போகாதீங்க, பிளாஸ்டிக்கைக் கரைத்துவிடும்.

லென்ஸ்: இரண்டு முனையிலிருந்தும் டார்ச் அடித்துப் பாருங்க. சிலந்தி வலை மாதிரி கிளை விட்டிருந்தால் பூஞ்சை. அபர்ச்சர் இதழ்களில் எண்ணெய் மினுங்குதா என்று பாருங்க. சேலம் கோடையில் லென்ஸ் கிரீஸ் இளகி இதழுக்கு இறங்குவது சகஜம். இதழ் சோம்பேறியானால் எஃப் 16 கேட்டும் எஃப் 5.6இல் படம் விழும், வெயில் படம் எல்லாம் வெளிறிப்போகும்.

ஃபோகஸ் சரியா என்று பார்க்கத் தூரத்து இலக்கு வேண்டும். நம்ம ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. மொட்டை மாடியில் நின்று கஞ்சமலை முகட்டையோ ஜருகுமலையையோ நோக்கி முடிவிலிக் குறியில் வைங்க. பின்கதவைத் திறந்து, ஃபிலிம் ஓடும் தண்டவாளத்தின் மேல் டிரேசிங் பேப்பரை இறுக்கமாக ஒட்டி, ஷட்டரை பி-யில் (பொத்தானை அழுத்தும் வரை திறந்திருக்கும் நிலை) பிடித்து, லூப்பால் (சின்னப் பூதக்கண்ணாடி) பாருங்க. முகடு கூர்மையாக விழணும்.

சூரமங்கலம் உறுப்பினர்:

மிரர் உள்ள கேமராவையே ஏன் எல்லோரும் பேசுறீங்க? தெருவில் சத்தம் முக்கியம். கொலுசுப் பட்டறை வாசலில் குனிந்து வேலை செய்கிறவர், கே1000 ஒருமுறை அடித்தால் நிமிர்ந்து பார்ப்பார். லீஃப் ஷட்டர் (லென்ஸுக்குள்ளேயே இதழாகத் திறக்கும் ஷட்டர்) உள்ள, மிரர் இல்லாத ரேஞ்ச்ஃபைண்டர் கேமரா என்றால் அந்தச் சத்தம் பட்டறைத் தட்டலிலேயே கரைந்துவிடும்.

கேனானெட் கியூஎல்17 ஜிIII (1972): 40 மி.மீ. எஃப் 1.7, வேகம் 1/4 முதல் 1/500, ஷட்டருக்கு பேட்டரி வேண்டாம். மேனுவலுக்கு மாற்றினால் மீட்டர் ஓடாது என்பது மட்டும் குறை. உச்ச வேகம் 1/500 என்பதால் வெயில் நாளில் ஐஎஸ்ஓ 200 போடுங்க, எஃப் 11இல் 1/500 சுகமாக வரும். யாஷிகா எலக்ட்ரோ 35 மலிவாகக் கிடைக்கும், 45 மி.மீ. எஃப் 1.7 லென்ஸும் அருமை, ஆனால் ஷட்டர் வேகத்தை நாம் வைக்க முடியாது, கேமராவே முடிவு செய்யும். ஃபிலிம் நகர்த்தும் லீவரைச் சுற்றும்போது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரணும். வராவிட்டால் உள்ளிருக்கும் ரப்பர் துண்டு மக்கிவிட்டது, எக்ஸ்போஷர் தாறுமாறாகும்.

ரஷ்ய சோர்கி-4 வாங்குகிறவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. ஃபிலிம் நகர்த்தும் குமிழைச் சுற்றிய பிறகே வேகத்தை மாற்றணும், முன்னாடி மாற்றினால் உள்ளே உடையும். துணி ஷட்டருக்கு முன்னால் மிரர் இல்லாததால், மூடி இல்லாமல் வெயிலைப் பார்க்க வைத்தால் லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி துணியில் ஓட்டை போட்டுவிடும். சேலத்து வெயிலில் டீக்கடை மேஜையில் வைக்கும்போது கவிழ்த்து வைங்க, இல்லை மூடி போடுங்க.

செனிட்-இ வேண்டாம். பாடி கனம், குறைந்த வேகம் 1/30 வரைதான், கூட வரும் ஹீலியோஸ் 58 மி.மீ., ஒவ்வொரு படத்துக்கும் அபர்ச்சர் வளையத்தைக் கையால் மூடணும். தெருவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

ஏற்காடு உறுப்பினர்:

மலைக்கு வருகிறவர்களுக்கு மட்டும். இங்கே உயரம் 1,500 மீட்டர் அளவில், பனி லென்ஸுக்குள்ளேயே குடியேறப் பார்க்கும். தோல் உறையில் போட்டுப் பெட்டியில் பூட்டாதீங்க. தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பூஞ்சை அங்கேதான் பிறக்கும். மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைங்க. ஜெல் நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் பழையபடி உறிஞ்சும்.

மூடுபனியில் மீட்டரை அப்படியே நம்பினால் படம் சாம்பல் பூத்துப் போகும். பனி வெளிச்சமானது, மீட்டர் அதை நடுச் சாம்பலாக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் (வெளிச்சம் இரு மடங்கு) கூட்டிக் கொடுங்க. சில்வர் ஓக் நிழலில் காப்பித் தோட்டத்துக்குள் போனால் ஐஎஸ்ஓ 400க்கு எஃப் 2.8, 1/60 என்று வைத்துக்கொண்டு தொடங்கலாம்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலத்தைத் தொட்டதும் கேமராவை வெளியே எடுக்காதீங்க. குளிர்ந்த கண்ணாடியில் கீழே இருக்கும் ஈரக் காற்று வியர்த்துவிடும். பையின் ஜிப்பை அரை மணி நேரம் மூடியே வைங்க. வண்டி டிக்கியில் ஃபிலிமை விட்டுவிட்டுப் போவதும் கூடாது, சித்திரை வைகாசியில் அது அடுப்பு. சின்ன தெர்மாக்கோல் பெட்டி போதும்.

பக்கத்து நீலகிரியில், ஊட்டியில், 1960இல் தொடங்கிய ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ‘இந்து’ கறுப்பு வெள்ளை ஃபிலிமைத் தயாரித்த காலம் ஒன்று இருந்தது. இப்போது ரோல் எல்லாம் வெளியிலிருந்துதான் வருகிறது. அதனால் ஒரு ரோலைச் சூட்டில் கெடுத்தால் வலிக்கும்.

குகை உறுப்பினர்:

வண்டி வேடிக்கை இரவு. ஐஎஸ்ஓ 400 அப்படியே போதாது. இல்ஃபோர்ட் எச்பி5 (ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம்) போட்டு, ஐஎஸ்ஓ டயலை 1600இல் வைத்து ரோல் முழுக்க எடுத்துவிட்டு, லேபில் ‘இரண்டு ஸ்டாப் புஷ்’ (கூடுதல் நேரம் டெவலப் செய்வது) என்று டப்பா மேலேயே எழுதிக் கொடுங்க. பாதி ரோல் 400, பாதி 1600 என்று மாற்றினால் பாதி வீண். எஃப் 2, 1/60 ஆரம்பம். சீரியல் லைட், டியூப் எல்லாம் விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறவை, 1/125க்கு மேல் போனால் படத்தில் பட்டை விழலாம். 1/60, 1/30 பாதுகாப்பு. வேடம் கட்டினவர்கள் முகத்தில் வெளிச்சம் விழும், பின்னால் வானம் கறுப்பு. மொத்தக் காட்சியை மீட்டர் பார்த்தால் முகம் வெளுத்துவிடும். கிட்டப் போய் முகத்தை மட்டும் அளந்து, அதையே வைத்துக்கொண்டு எடுங்க.

அம்மாப்பேட்டை உறுப்பினர்:

எல்லோருக்கும் நன்றிங்க. ஒன்றைச் சொல்ல மறந்துட்டேன், இடது கண்ணில்தான் பார்க்கிறேன். பாடி தேர்வில் அது ஏதாவது மாற்றுமா?

அஸ்தம்பட்டி உறுப்பினர்:

நல்லவேளை, கேட்டீங்க தம்பி. இதுவே முடிவை மாற்றும். எஃப்எம், எஃப்எம்2 இரண்டிலும் லீவரைக் கொஞ்சம் வெளியே இழுத்து வைத்தால்தான் மீட்டர் ஓடும். வலது கண்ணுக்கு அது தொந்தரவில்லை. இடது கண்ணில் வைத்தால் லீவர் நேராக வலது கண் பக்கம் குத்தும், கண்ணாடி போட்டிருந்தால் கீறும். உங்களுக்கு கே1000 பொருந்தும். இல்லாவிட்டால் ஒலிம்பஸ் ஓஎம்-1, அதில் மீட்டருக்குத் தனி சுவிட்ச் மேலே இருக்கு, லீவர் ஒட்டியே கிடக்கும். பாடி 510 கிராம்தான், வியூஃபைண்டர் பெரிது, மெக்கானிக்கல். இரண்டு விஷயம் பாருங்க. பிரிசத்தின் (வியூஃபைண்டருக்குப் படத்தைத் திருப்பிக் காட்டும் கண்ணாடிக் கட்டி) மேலிருக்கும் ஃபோம் மக்கி வெள்ளிப் பூச்சை அரித்திருந்தால் வியூஃபைண்டரில் கறுப்புத் திட்டு தெரியும். மீட்டர் 1.35 வோல்ட் மெர்குரி பேட்டரிக்குச் செய்தது. 1.5 வோல்ட் போட்டால் வெளிச்சத்தை அதிகமாகக் காட்டி, படத்தை இருட்டாக்கும். காதுக் கருவிக்குப் போடும் 675 ஜிங்க்-ஏர் பேட்டரியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் போட்டு வைத்தால் 1.4 வோல்ட், கணக்கு சரியாகும். ஸ்டிக்கர் உரித்ததிலிருந்து சில மாதம்தான் வரும், கோடையில் இன்னும் குறைவு.

எதை வாங்கினாலும் முதல் ரோலைச் சோதனைக்கே கொடுங்க. வடக்கு வானத்தை 1/1000 எஃப் 11, 1/500 எஃப் 16 என்று ஒரே அளவு வெளிச்சத்தில் எடுங்க. ஒரு பக்கம் இருண்டால் ஷட்டர் திரை பின்தங்குகிறது. ஃபிலிம் சுற்றும்போது இடது பக்க ரீவைண்ட் குமிழ் சேர்ந்து சுழலணும். சுழலாவிட்டால் ஃபிலிம் மாட்டவே இல்லை, 36 படமும் வெறும் கற்பனை. கடைசி நான்கு படத்துக்கு முன்னால் கேமராவை கால் மணி நேரம் வெயிலில் திருப்பித் திருப்பி வைங்க, மூடி போட்டு. லேபில் நெகட்டிவை வாங்கிப் பாருங்க: வெளிச்சம் புகுந்த கறை ஃபிலிம் ஓரத்துப் பல் ஓட்டை வரை பரவியிருந்தால் கதவு ஃபோம், ஃபிரேமுக்குள்ளேயே நின்றால் ஷட்டர்.