புதுப்பிப்பு: அந்த ஸ்டீல்புக் பார்சல் வந்துவிட்டது

போன மாதம் எழுதியிருந்தேனே, ஸ்டீல்புக் எனும் தகர டப்பாவில் வரும் லிமிட்டெட் எடிஷன் புளூரே பட வட்டு ஒன்றுக்கு 18,000 ரூபாய் கட்டிவிட்டேன், விற்றவரிடமிருந்து பதிலே இல்லை என்று. சனிக்கிழமை பார்சல் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தது. தகர டப்பா அசல்தான். மூலையில் சின்ன நெளிவு, பரவாயில்லை.

வட்டுதான் பிரச்சினை. ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தேன் (அன்றைக்கென்று மூடுபனி, டோர்ச் அடிக்க வேண்டியதாயிற்று). ஆலையில் அச்சடித்த வட்டின் அடிப்பக்கம் வெள்ளியாக மின்னும். இது கருத்துக் கிடந்தது. பதிவு முடியும் இடத்தில் வளையமாக ஒரு கோடு வேறு. கம்ப்யூட்டரில் போட்டால் பீடி-ஆர் (வீட்டிலேயே பதியக்கூடிய புளூரே வட்டு) என்றே காட்டியது. அசல் டப்பாவுக்குள் வீட்டில் பதிந்த நகல்!

வாங்கிய தளத்தில் முறைப்பாடு போட்டு, படங்களை அனுப்பினேன். மூன்றாம் நாள் பணம் திரும்பியது. திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. "நேரே வங்கியில் போட்டால் 2,000 குறைக்கிறேன்" என்று விற்றவர் கேட்டபோது மறுத்தது நல்லதாயிற்று, இல்லையென்றால் பட்டை நாமம்தான். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுக்கச் சொன்ன அண்ணனுக்கு நன்றி.

டப்பா இப்போது அலுமாரியில் வெறுமையாக நிற்கிறது. அசல் வட்டு மட்டும் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.