மனைவிக்கு எஃப்.எஸ்.ஏ. இருந்தால் நான் எச்.எஸ்.ஏ.வில் பணம் போடலாமா?

வணக்கம் நண்பர்களே. நியூஜெர்சியில் இருக்கிறோம். 2025 ஜூலையில் புது வேலையில் சேர்ந்து, குடும்பத்துக்கே ஹை டிடக்டிபிள் காப்பீடு (பெரிய தொகை வரை நாமே செலவழித்த பிறகே பணம் தருவது) எடுத்தேன். அதோடு எச்.எஸ்.ஏ.வும் (மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கு) திறந்து, இரண்டு சம்பளத்தில் 700 டாலர் போட்டாயிற்று. 2025-இல் குடும்பக் காப்பீட்டுக்கு அதில் போடக்கூடிய வரம்பு 8,550 டாலர். அதை நிரப்பிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்புறம்தான் ஐ.ஆர்.எஸ். (அமெரிக்க வரித்துறை) வெளியீடு 969-ஐப் படித்தேன். எச்.எஸ்.ஏ.வில் பணம் போடுபவர் மெடிகேர் என்ற அரசுக் காப்பீட்டில் சேர்ந்திருக்கக் கூடாது, வேறொருவர் வரிக்கணக்கில் சார்ந்தவராக இருக்கக் கூடாது, இதெல்லாம் சரி. சிக்கல், வேறு மருத்துவக் காப்பு இருக்கக் கூடாது என்ற விதியில். மனைவியின் அலுவலகத்தில் அவருக்குச் சாதாரண எஃப்.எஸ்.ஏ. (மருத்துவச் செலவுக்கு அலுவலகம் வழியாக வரியின்றி ஒதுக்கும் கணக்கு) டிசம்பர் 31 வரை ஓடுகிறது. அதிலிருந்து என் செலவுக்கும் பணம் எடுக்க முடியும் என்பதால் எனக்குத் தகுதி இல்லையாம், ஒரு டாலர்கூட எடுக்காவிட்டாலும்! பல், கண்ணுக்கு மட்டுமான எஃப்.எஸ்.ஏ. என்றால் பிரச்சினை இல்லை.

யாராவது ஆண்டு நடுவில் அப்படி மாற்றச் சொல்லி எச்.ஆரிடம் கேட்டு, நடந்திருக்கிறதா? மிச்சப் பணம் அடுத்த ஆண்டுக்குப் போனால் 2026-ம் கெட்டுவிடும், அதனால் டிசம்பருக்குள் கண்ணாடி, பல் சிகிச்சை என்று முழுவதையும் செலவழிக்கப் போகிறோம்.

போட்ட 700 டாலரை வரி தாக்கல் கெடுவுக்குள் ஈட்டத்தோடு திரும்ப எடுக்காவிட்டால் ஆண்டுதோறும் 6 சதவீத வரி. எடுத்தவர்கள், வங்கியில் எந்தப் படிவம் கேட்டீர்கள்? நியூஜெர்சி எப்படியும் எச்.எஸ்.ஏ.வுக்கு மாநில வரிச்சலுகை தருவதில்லை. அந்தக் கணக்கை எப்படிக் காட்டினீர்கள் என்றும் சொல்லுங்கள்.