பொலிகார்ப்போவின் ‘மால்யூத்கா’: உதிரிப் பாகங்களைக் கொண்டு 1/72 மாதிரி

தும்பி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சோவியத் விமான வடிவமைப்பாளர் நிக்கொலாய் பொலிகார்ப்போவ் தம் இறுதிக் காலத்தில் வடிவமைத்த ‘மால்யூத்கா’ என்னும் ராக்கெட் போர்விமானத்தை 1/72 அளவில் (அசலில் 72-இல் ஒரு பங்காக) மாதிரியாகச் செய்ய முனைந்திருக்கிறேன். 1944 ஜூலை 30 அன்று அவர் மறைந்ததும் பணி கைவிடப்பட்டதால், அந்த விமானம் ஒருமுறைகூட வானேறவில்லை. ஒப்பிட்டுப் பார்க்கப் பறந்த விமானத்தின் படம் ஏதும் இல்லாத நிலையில், வரைபடத்தை மட்டுமே நம்பியாக வேண்டும். அதன் நீளம் 7.3 மீட்டர், இறக்கை விரிவு 7.5 மீட்டர், மாதிரியில் இவை முறையே 101, 104 மி.மீ. ஆகின்றன.

என் உதிரிப் பெட்டியில் யாக்-3 போர்விமானக் கிட்டின் இறக்கைகளும், ஐராகோப்ரா போர்விமானத்தின் மூன்று சக்கரங்களும் கால்களும், 1/48 அளவிலான ஜெட் விமானம் ஒன்றின் வயிற்றடி எரிபொருள் கலனின் இரு பாதிகளும் உள்ளன. கலனை உடலாக்கி, யாக்-3 இறக்கையின் அடிப்பகுதியில் (உடலோடு சேரும் முனையில்) பக்கத்துக்கு 12 மி.மீ. வெட்டிப் பொருத்தலாம் என்று எண்ணுகிறேன். இது சரிவருமா? எந்த வண்ணம் பூசுவது என்பதிலும் எனக்குத் தெளிவில்லை.

வெண்நாரை:

கலனை உடலாக்கும் யோசனை மிக நல்லது. ஆனால் யாக்-3 இறக்கையில் கத்தி வைக்கும் முன் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதன் பரப்பு 14.85 ச.மீ., விரிவு 9.2 மீட்டர். பரப்பை விரிவால் வகுத்தால் சராசரி அகலம் 1.61 மீட்டர், அதாவது மாதிரியில் 22 மி.மீ. கிடைக்கும். மால்யூத்காவின் இறக்கைப் பரப்போ வெறும் 8 ச.மீ.தான், அதன் சராசரி அகலம் மாதிரியில் 15 மி.மீ.கூட முழுதாக வராது. அடியில் 12 மி.மீ. வெட்டினால் விரிவு சரியாகிவிடும், அகலம் ஆகாது. பின்விளிம்பை அரத்தால் குறைத்தால் தடிப்பு அப்படியே நின்று, இறக்கை பலகை போலத் தெரியும்.

சோவியத்தின் பி-1 (BI-1) ராக்கெட் விமானத்தின் இறக்கை கிடைக்குமானால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் விரிவு 6.48 மீட்டர், பரப்பு 7 ச.மீ.; சராசரி அகலம் 1.08 மீட்டர். உங்களுக்கு வேண்டியது 1.07. இவ்வளவு நெருக்கமான பொருத்தம் உதிரிப் பெட்டிக்காரர்களுக்கு அரிதாகவே வாய்க்கும். மாதிரியில் 90 மி.மீ. விரிவை 104 ஆக்க, ஒவ்வோர் இறக்கையையும் நடுவில் வெட்டி 7 மி.மீ. ஸ்டைரீன் பிளாஸ்டிக் துண்டை இடையில் வையுங்கள். அடியில் சேர்த்தால் பரப்பு கூடிவிடும், நுனியில் சேர்த்தால் குறைந்துவிடும். நடுவில் சேர்த்தால் ஏறக்குறைய 8 ச.மீ. வரும். இணைப்புகளின் குறுக்கே மெல்லிய பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகுங்கள். இல்லையேல் தேய்க்கும்போது இணைப்பு விட்டுப்போகும். புட்டி நன்றாகக் காய்ந்தபின், அடியிலிருந்து நுனிவரை இரு விளிம்புகளும் நேர்க்கோடாக வரும்படி, தட்டையான கட்டையில் ஒட்டிய உப்புத்தாளால் இழையுங்கள்.

மரத்தச்சன்:

வெண்நாரை சொல்வதை நானும் வழிமொழிகிறேன். ஆனால் மேற்பரப்பைப் பற்றியும் கவலைப்பட வேண்டும். மால்யூத்காவின் உடல் மெல்லிய மரத்தகடுகளை ஒட்டி உருவாக்குவதற்கென வரையப்பட்டது. இறக்கையும் வாலும் டியூராலுமின் என்னும் அலுமினியக் கலப்பு உலோகம். ஆகவே கலனின் மேலுள்ள வளையக் கோடுகளையும் மூடிகளையும் ஒன்றுவிடாமல் புட்டியிட்டு அடைத்து, முட்டை ஓடுபோல வழவழப்பாக்க வேண்டும். பி-1 இறக்கையில் நிலைமை இதற்கு நேர்மாறானது. அது மர இறக்கை. அதன்மீது உலோகத் தகடுகளின் இணைப்புக் கோடுகளை நீங்களே கீற வேண்டும். கட்டப்படாத விமானம் என்பதால் எப்படியும் செய்யலாம் என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. எந்தப் பொருளால் கட்ட நினைத்தார்கள் என்பது தெரியும்போது அதை மதிப்பதே முறை.

ஐராகோப்ராவின் முன்காலைச் சற்றுக் குறுக்கிப் பயன்படுத்தலாம். பக்கச் சக்கரங்கள் இந்தச் சிறிய இறக்கைக்குப் பெரியவை, அவற்றை மாற்றிவிடுங்கள். முன்சக்கர விமானமாதலால், உடலின் இரு பாதிகளையும் ஒட்டும் முன்பே மூக்கினுள் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒட்டி, நாடாவால் தற்காலிகமாகக் கட்டி நிறுத்திப் பாருங்கள். இதைச் செய்யாமல் விட்ட என் மாதிரி ஒன்று, வண்ணமெல்லாம் முடிந்தபின் வாலில் உட்கார்ந்துவிட்டது. மூக்கில் இரண்டு 23 மி.மீ. பீரங்கிக் குழாய்களுக்கும் இடம் விட வேண்டும். ராக்கெட்டின் வாய்க்குப் பழைய பால்பாயிண்ட் பேனாவின் உலோக முனைக்கூம்பை உட்புறமாகத் திருப்பி வைத்தால் விளிம்பு மெலிதாக அமையும்.

நீலவானம்:

வண்ணத்துக்கு வருகிறேன். 1943 கோடை முதல் சோவியத் போர்விமானங்களின் மேற்புறத்தில் சாம்பல்நீலமும் கருஞ்சாம்பலும், அடியில் வெளிர்நீலமும் பூசப்பட்டன. வண்ண அட்டவணையில் ஏஎம்டி-11, ஏஎம்டி-12, ஏஎம்டி-7 என்று தேடுங்கள். படையில் சேர்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று காட்ட விரும்பினால் இதுவே பொருத்தம். வெள்ளை ஓரமும் அதற்கு வெளியே மெல்லிய சிவப்புக் கோடும் கொண்ட சிவப்பு நட்சத்திரத்தை ஒட்டுங்கள்.

புகைக்கறையில் மட்டும் கவனம் தேவை. யாக், லாவோச்கின் மாதிரிகளில் தீட்டுவது போல உடலின் பக்கவாட்டில் கரிக்கோடு இழுக்காதீர்கள். இங்கே பிஸ்டன் எஞ்சினும் இல்லை, புகைக்குழாய்களும் இல்லை. வாலின் முனையில் வெப்பம் பட்ட நிறம் மட்டும் போதும். பி-1 விமானம் 1942 மே 15 அன்று முதன்முறை ராக்கெட் விசையால் பறந்தது. அதை ஓட்டிய பக்சிவான்ஜி 1943 மார்ச் 27 அன்று அதே வகை விமானத்தில் உயிரிழந்தார். அவர் பறந்த விமானத்தின் இறக்கை இந்த மாதிரியில் சேர்வது எனக்கு மனநிறைவைத் தருகிறது.

தும்பி:

மூவருக்கும் நன்றி. பி-1 கிட் ஒன்று முன்பே வாங்கி வைத்திருந்தேன். அதன் இறக்கையை வரைபடத்தின்மீது வைத்துப் பார்த்தேன்; அடிப்பகுதியில் அரை மி.மீ. வேறுபாடுகூட இல்லை, நுனியின் வளைவு மட்டும் சற்று மாறுகிறது. யாக்-3 இறக்கை பெட்டிக்கே திரும்பிவிட்டது. முதல் வெட்டுக்கான கோட்டைப் பென்சிலால் வரைந்துவிட்டேன்.